நீர்த்தேக்கத்துல பிஓடி ஏறுது, காரணம் பாசியா சாக்கடையா?

வணக்கம். ஒரு நீர்த்தேக்கத்துல தண்ணி தரம் பாத்துட்டு இருக்கோம். ஆறு உள்ள வர்ற இடத்துல பிஓடி (தண்ணியில இருக்குற கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்குற ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 4 மில்லிகிராம் தான், அணைச் சுவர் கிட்ட எடுத்தா 11 வருது. நடுவுல எந்த வாய்க்காலும் கலக்கல, கரையோரம் முழுக்க நடந்து பாத்தாச்சு. மழை நின்னதுல இருந்தே இப்படித்தான்.

தண்ணி நல்ல பச்சை, கையில அள்ளுனா விரலிடுக்குல பச்சைப்பொடி ஒட்டுது. மதியம் கரைஞ்ச ஆக்சிஜன் லிட்டருக்கு 14 மில்லிகிராம், பிஎச் 9.2, விடியக்காலைல பாத்தா ஆக்சிஜன் 3க்கு எறங்கிடுது.

ஆக்சிஜன் மீட்டரை மறுபடி காலிபரேட் பண்ணி, விங்க்ளர் டைட்ரேஷன்லயும் (ரசாயனம் போட்டு ஆக்சிஜனை அளக்குற முறை) பாத்தோம், ரெண்டும் ஒத்துப்போகுது. பிஓடி பாட்டில் 20 டிகிரில 5 நாள் இருட்டுலதான் இருந்துச்சு, அல்லைல்தயோயூரியா (அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் பண்ற பாக்டீரியாவைத் தடுக்குற ரசாயனம்) போட்டும் பிஓடி பெருசா குறையல, அதனால ஆக்சிஜனை இழுக்குறது அம்மோனியா இல்லன்னு நினைக்கிறேன். இருட்டுல பாசியே சுவாசிச்சு ஆக்சிஜனை இழுக்குதோன்னுதான் சந்தேகம். வடிகட்டிப் போடலாம்னா சாக்கடைத் துகளும் சேர்ந்து போயிடுமே. குடிக்கிற தண்ணி இது, பாசிதான்னு எழுதிட்டு விட பயமா இருக்கு.

இந்த 11ல பாசியோட பங்கு எவ்வளவு, கழிவோட பங்கு எவ்வளவுன்னு பிரிக்க எந்த டெஸ்ட் பண்ணணும்?