பொட்டு வைத்த கம்பி ஃபில்டர்: எட்டு கிளெய்மும் அடிபட்டுவிட்டது, எப்படிப் பதில் எழுதுவது?

கணபதி_லேத்:

வணக்கம். கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங், நானும் மூன்று பையன்களும். 2022 ஜூலையில் ஏஜென்ட் யாரும் இல்லாமல் நானே உட்கார்ந்து ஒரு பேட்டென்ட் விண்ணப்பம் போட்டேன். போன வாரம் பேட்டென்ட் அலுவலகத்திலிருந்து முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. இதற்கெல்லாம் எனக்கு உரிமை வேண்டும் என்று நான் எழுதிக் கேட்ட எட்டு கிளெய்மும் அடிபட்டுவிட்டது. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாயப்பட்டறைக் கழிவுநீரில் மெம்பிரேனுக்கு (நுண்ணிய சவ்வு வடிகட்டி) முன்னால் போடுகிற கேண்டில் ஃபில்டர். 12 எஸ்.எஸ். ராடு வட்டமாக நிற்கும். அவற்றின் மேல் 1.2 மில்லி கம்பியை ஸ்பிரிங் மாதிரிச் சுற்றியிருக்கும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் 100 மைக்ரான் சந்து. தண்ணீர் சந்து வழியாக உள்ளே போகும், நார் வெளியே நின்றுவிடும். வழக்கமான கேண்டிலில் கம்பி தாண்டுகிற ஒவ்வொரு ராடிலும் வெல்டு இருக்கும். சந்து அசையாது, அதில் குறை இல்லை. ஆனால் பனியன் துணி நார் ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே என்று அதில் தொங்கிக்கொள்ளும். தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு பேக்வாஷ் கொடுத்தால் ஆடுமே தவிர விழாது. கடைசியில் யாராவது பிரஷ்ஷோடு உட்கார வேண்டும்.

அதனால் நான் வெல்டையே எடுத்துவிட்டேன். இரண்டு முனையில் மட்டும் பிடி. சுருள் ஏறக்குறைய 190 சுற்று. பேக்வாஷ் நேரத்தில் மேல்மூடியை 20 மில்லி தூக்கினால் எல்லாச் சந்தும் இரண்டு மடங்காகிவிடும், நார் விழுந்துவிடும். விட்டால் பழையபடி மூடிக்கொள்ளும். வெல்டு இல்லாமல் சந்து நிற்க வேண்டுமே, அதற்காகக் கம்பியின் ஒரு பக்கவாட்டில் 0.1 மில்லி உயரத்துக்குச் சின்னச் சின்ன மேடு அழுத்தினேன். பட்டறையில் அதற்குப் பெயர் பொட்டு.

கஷ்டமே பொட்டில்தான். முதலில் பல்சக்கரத்தில் கம்பியை விட்டுப் பொட்டு வைத்துவிட்டு, அப்புறம் சுற்றினேன். சுற்றளவு 188.5 மில்லி, பொட்டுக்குப் பொட்டு 15.7 வர வேண்டும். ஒரு பொட்டுக்கு நூறில் ஒரு மில்லி பிசகினால் ஒரு சுற்றுக்கு 0.12. 65 சுற்றில் பொட்டு இரண்டு ராடுக்கு நட்டநடுவில் போய் நிற்கிறது. அங்கே கம்பிக்கு ஆதாரம் இல்லை. மேல்நட்டை இறுக்கினால் கம்பி சாய்கிறது. சந்து அளக்கிற 0.10 ஃபீலர் தகடு இறுக்கிப் போக வேண்டிய இடத்தில் 0.15 தகடு சும்மா போய் வந்தது.

பிறகு லேத் ஸ்பிண்டிலில் ஒரு கேம் (மேடு பள்ளமான சக்கரம்) மாட்டினேன். 30 டிகிரி திரும்பினால் ஒரு அடி. கம்பி ராடில் உட்காரப்போகிற நொடியில் அந்த இடத்திலேயே பொட்டு விழும். இப்போது எல்லாப் பொட்டும் ராடுக்கு நேராக, மேலிருந்து கீழ் வரை தூண் போல நிற்கின்றன. எவ்வளவு இறுக்கினாலும் சந்து மாறவில்லை.

அறிக்கை சொல்வது இது. டி1 என்று ஒரு பழைய அமெரிக்கப் பேட்டென்ட், கிணற்று ஸ்கிரீன்: ராடு, சுற்றிய கம்பி, வெல்டு. அதனால் என் முதல் கிளெய்மில் புதுமை இல்லை. டி2 ஒரு எண்ணெய் ஃபில்டர்: ராடு கிடையாது, பொட்டு வைத்த கம்பிச் சுருள், இழுத்தால் விரியும். டி1-ஐயும் டி2-ஐயும் சேர்த்தால் மீதி ஏழு கிளெய்மும் கண்டுபிடிப்பே இல்லையாம். போதாததற்குப் பேட்டென்ட் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு வேறு.

கிளெய்மைத் திருத்தலாமா? சாயப்பட்டறையில் ஓட்டிப் பார்த்த கணக்கைப் புதிதாகச் சேர்க்கலாமா? இல்லை, இத்தோடு விட்டுவிடலாமா?

சும்மா_ஒரு_கருத்து:

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்பி சுற்றிய ஸ்கிரீன் நம் தாத்தா காலத்துப் பொருள், போர்வெல்லுக்குள் எல்லாம் இறக்குகிறார்கள். அதற்குப் போய் பேட்டென்டா? அந்தப் பணத்தில் இன்னொரு லேத்துக்கு முன்பணம் கொடுங்கள். யார் முதலில் விற்கிறாரோ அவர்தான் ராஜா.

கிண்டி_போய்வருபவன்:

முதலில் சாப்பிடுங்கள் சார். முதல் அறிக்கையில் எல்லா கிளெய்மும் அடிபடுவது அன்றாடம் நடப்பது. இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், ஒரு ஆட்சேபமும் இல்லாமல் வந்த அறிக்கையை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அறிக்கை உங்களுக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதம். அது முடிவதற்குள் 4-ஆம் படிவம் கொடுத்தால் இன்னும் 3 மாதம் கேட்கலாம். பதிலே போடாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி நீங்களே கைவிட்டதாகக் கணக்கு. அறிக்கையின் மூன்றாம் பகுதியில் இருக்கிற சில்லறை ஆட்சேபங்கள், அதாவது கிளெய்மில் பாக எண்களை அடைப்புக்குறிக்குள் போடுவது, சுருக்கத்தை 150 சொல்லுக்குள் அடக்குவது எல்லாம் ஒரு மாலை வேலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டி1 பற்றிப் பரிசோதகர் சொல்வது சரி, அதோடு சண்டை போடாதீர்கள். 'வட்டமாக ராடு, அதன் மேல் சுற்றிய கம்பி, நடுவில் சந்து' என்றுதானே முதல் கிளெய்ம் எழுதியிருப்பீர்கள்? அது புறம்போக்கையும் சேர்த்துப் பட்டா கேட்கிற மாதிரி. ராடு, சுருள், சந்து, ஏன், பொட்டுகூடப் புறம்போக்குதான். உங்கள் சொந்த நிலம் ஒரே ஒரு இடம்: பொட்டு ராடுக்கு நேராக உட்கார்வது. அதை நீங்கள் மேலே இரண்டு பத்தியில் எங்களுக்குச் சொன்னீர்கள். கிளெய்மில் சொன்னீர்களா?

திருத்தலாம், ஆனால் 59-ஆம் பிரிவு கடுமையானது. திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். அன்றைக்குத் தாக்கல் செய்த விவரிப்பில் (விண்ணப்பத்தில் பொருளை விளக்குகிற பகுதி) இல்லாத எதையும் உள்ளே நுழைக்கக் கூடாது. அதனால் உங்கள் தாளை எடுத்து, 'பொட்டு ராடுக்கு நேராக' என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். படத்தில் தெரிந்தாலும் உதவும்.

இருந்தால் வாதம் இப்படிப் போகும். டி1-ல் வெல்டு இருக்கிறது, சந்தை வெல்டே பிடித்துக்கொள்கிறது. அதை வைத்திருப்பவருக்குப் பொட்டு தேட வேண்டிய அவசியமே இல்லை. டி2-ல் ராடே கிடையாது, ஆகவே 'ராடுக்கு நேராக' என்ற யோசனை அங்கே பிறக்கவே முடியாது. இரண்டையும் ஒட்டவைத்தாலும் பொட்டு எங்கே விழ வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அப்படி ஒட்டவைத்தவர் உங்கள் பல்சக்கரம் மாட்டிக்கொண்ட இடத்தில்தான் மாட்டிக்கொள்வார். 3(எஃப்) என்பது தெரிந்த பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தனியாகச் செய்கிறபோது வருவது. இங்கே இறுக்கிய பாரம் பொட்டு வழியாகத் தூணாக இறங்குகிறது, கம்பி சாயாமல் ராடு தாங்குகிறது. ஒன்றில்லாமல் இன்னொன்றுக்கு வேலை இல்லை. இதை ஒரு படம் போட்டுக் காட்டுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 'ஆதாரம் இருக்கிற இடத்தில்தானே எவனும் பொட்டு வைப்பான், இது பட்டறைச் சீர்திருத்தம்' என்று விசாரணையில் கேட்பார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கை எடுத்து வைப்பார்கள். அதுவும் உங்கள் தொழில்தான்: பாத்திரம் கடையும்போது லேத்திலிருந்து தெறித்துவிடாமல் பிடிக்கிற ஏற்பாடு. வெறும் பட்டறைச் சீர்திருத்தம் போதாது என்று சொல்லி அந்தப் பேட்டென்டை ரத்து செய்தார்கள். அதனால் 'வசதியாக இருக்கிறது, சீக்கிரம் முடிகிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். 65-ஆவது சுற்றில் என்ன ஆனது என்று எழுதுங்கள்.

ஓட்டிப் பார்த்த கணக்கை விவரிப்புக்குள் சேர்க்க முடியாது. பதிலோடு பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கலாம்.

எனக்கு இரண்டு கேள்வி. கேம் வைத்துச் சுற்றுகிற முறையைக் கிளெய்மாகப் போட்டிருக்கிறீர்களா? சாயப்பட்டறையில் ஓட்டியது விண்ணப்பத்துக்கு முன்னாலா, பின்னாலா?

கணபதி_லேத்:

சார், நன்றி. தாளை எடுத்துப் பார்த்தேன். 6-ஆம் பக்கத்தில் ஒரே வரி (பொட்டைத்தான் புடைப்பு என்று எழுதியிருக்கிறேன்): 'விரும்பினால் புடைப்புகள் ராடுகளுக்கு நேராக அமையலாம்'. அந்த வரியை எழுதும்போது டீ ஆறிப்போனதுகூட ஞாபகம் இருக்கிறது, அவ்வளவு அலட்சியமாக எழுதினேன். மூன்றாவது படத்தில் வெட்டுத் தோற்றம் இருக்கிறது, ராடுக்கு நேராகப் பொட்டு தெளிவாகத் தெரிகிறது.

கேம் பற்றி 9-ஆம் பக்கத்தில் முழுசாக எழுதியிருக்கிறேன், படமும் உண்டு. ஆனால் கிளெய்மில் இல்லை. எட்டும் பொருளைப் பற்றியதுதான்.

ஓட்டியது முன்னால். 2022 மார்ச்சில் திருப்பூரில் தெரிந்த ஒரு பட்டறையில் இரண்டு கேண்டில் மாட்டினேன்.

ஈடிபி_இரவு_ஷிப்ட்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் திருப்பூரில் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடக்கூடாது என்றாகிவிட்டது. மெம்பிரேன் அடைத்தால் உற்பத்தியே நிற்கும். அதனால் முன்னால் இருக்கிற ஃபில்டரைக் குழந்தை மாதிரிப் பார்ப்போம்.

அந்த டி2 மாதிரி ராடு இல்லாத ஸ்பிரிங் ஃபில்டர் எங்களிடம் ஒரு வருடம் ஓடியது. புதிதில் நன்றாக இருந்தது. அப்புறம் அழுத்தம் ஏறினால் சுருள் நடுவில் வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். வளைந்த வெளிப்பக்கத்தில் சந்து திறந்து நார் உள்ளே போகும், உள்பக்கத்தில் நெரிந்து அடைக்கும். பொட்டு இருந்தும் இந்த நிலை. அண்ணன் சொல்கிற தூண் விஷயம் எனக்கு உடனே புரிந்தது.

பேக்வாஷ் கொடுத்த நேரத்தை ஷிப்ட் நோட்டில் எழுதாத நிலையம் கிடையாது. நீங்கள் மாட்டிய பட்டறையிலும் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கிண்டி_போய்வருபவன்:

ஆபரேட்டர் தம்பி சொன்னது தங்கம். அந்த நோட்டில் பழைய கேண்டிலுக்கு எத்தனை மணிக்கு ஒரு பேக்வாஷ், புதியதற்கு எத்தனை என்று இருந்தால், அதுதான் பிரமாணப் பத்திரத்தின் உயிர்.

ஆனால் அதே நோட்டு உங்களுக்கு எதிராகவும் பேசும். விண்ணப்பத்துக்கு நான்கு மாதம் முன்பே பொருள் வெளியே ஓடியிருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பயப்பட வேண்டாம், 32-ஆம் பிரிவு இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள், உங்கள் சம்மதத்தோடு, நியாயமான சோதனைக்காக மட்டும் ஓட்டியிருந்தால், அப்படி வெளியே வைத்துத்தான் சோதிக்க முடியும் என்பதும் நியாயமாக இருந்தால், அது புதுமையைக் கெடுக்காது. நாரோடு வரும் சாயக் கழிவுநீரைக் கணபதியில் எங்கே தேடுவது? அந்த வாதம் நிற்கும். காசு வாங்கி விற்றிருந்தால்தான் சிக்கல். பில் போட்டீர்களா, பொருளை அனுப்புகிற சலான் மட்டுமா?

கேம் முறையை இந்த விண்ணப்பத்தில் புதுக் கிளெய்மாகச் சேர்க்கப் பார்க்காதீர்கள், 59-ல் மாட்டும். 16-ஆம் பிரிவில், முதல் விண்ணப்பத்திலிருந்து பிரித்தெடுத்த பிரிவு விண்ணப்பமாகத் தனியே போடுங்கள். கிளெய்மில் இல்லாவிட்டாலும் விவரிப்பில் இருந்தால் போதும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல் சின்ஜென்டா வழக்கில் சொல்லிவிட்டது, 2024 விதித் திருத்தத்திலும் அது வந்துவிட்டது. முதல் விண்ணப்பத்துக்குப் பேட்டென்ட் கிடைப்பதற்கு முன்னால் போட வேண்டும், அதுதான் முக்கியம். தனிநபருக்கு ஆன்லைனில் 1600 ரூபாய், பரிசோதனைக்கு 4000. என்னைக் கேட்டால் பொருளைவிட அந்த முறைதான் பலமான கண்டுபிடிப்பு. பொருளுக்குப் பேட்டென்ட் கிடைக்கிற வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணபதி_லேத்:

சலான்தான் சார். பழைய ஃபைலில் கிடைத்துவிட்டது. என் கையெழுத்திலேயே 'சோதனைக்கு மட்டும், திருப்பித் தரவேண்டியது, மதிப்பு இல்லை' என்று இருக்கிறது. அன்றைக்கு ஜிஎஸ்டி பயத்தில் எழுதியது. முதல் பில் செப்டம்பரில் போட்டது. ஷிப்ட் நோட்டுக்கு இப்போதுதான் போன் செய்தேன். தேடித் தருகிறேன் என்றார்கள், எலி தின்னாமல் இருந்தால் சரி.

முதல் கிளெய்மை இப்படி எழுதலாமா? ஆங்கிலத்தில் பிறகு மாற்றிக்கொள்கிறேன்: 'வட்டமாக நிற்கும் 12 ராடுகளும், வெல்டு இல்லாமல் அவற்றின் மேல் சுற்றிய, இரு முனையில் மட்டும் பிடித்த கம்பியும் கொண்ட ஃபில்டர், கம்பியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ராடுக்கு நேராகவும் ஒரு புடைப்பு இருப்பது இதன் சிறப்பு.'

கிண்டி_போய்வருபவன்:

நன்றாக வந்திருக்கிறது, மூன்று இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும். '12' வேண்டாம், 'பல ராடுகள்' போதும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் 11 ராடு வைத்துவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிப்பார். 'ஒவ்வொரு ராடுக்கு நேராகவும் ஒரு புடைப்பு' என்றால் ஒரு ராடை மட்டும் காலியாக விட்டுத் தப்பித்துக்கொள்வார். திருப்பிப் போடுங்கள்: 'புடைப்புகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு ராடுக்கு நேராக அமைந்து, அடுத்தடுத்த சுற்றுகளின் புடைப்புகள் ஒரே வரிசையில் நிற்பது'. அப்புறம் உங்கள் கடைசிச் சுற்றில் பொட்டு இருக்கிறதா?

கணபதி_லேத்:

இல்லை சார். கடைசிச் சுற்று மேல்மூடியில் உட்காருகிறது, அங்கே கேம் அடிக்காது.

கிண்டி_போய்வருபவன்:

அப்படியானால் 'ஒவ்வொரு சுற்றிலும்' என்பதையும் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் இருந்தால் உங்கள் கேண்டிலே உங்கள் கிளெய்முக்குள் வராது.