ஸ்டெப்னி மாற்றத் தெரியாதவர்களும் ஃபியூஸில் செம்புக் கம்பி சுற்றியவர்களும்

பழைய ஃபிட்டர், தூரவாணி நகர்
மாரத்தஹள்ளி பாலத்துக்குக் கீழே போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன். புதுக் கார், முன் டயர் பஞ்சர். பின்னால் ஸ்டெப்னி, ஜாக், வீல் ஸ்பேனர் எல்லாம் இருக்கின்றன. அவனோ உதவி வண்டிக்கு ஃபோன் போட்டுவிட்டு ஓரமாக நிற்கிறான். ஐடிஐ, எச்ஏஎல், பிஇஎல் என்று அரசு ஆலைகளுக்கு வேலைக்கு வந்து பெங்களூரில் தங்கிவிட்ட எங்கள் தலைமுறையில் டூல் பெட்டி இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. பத்மினி காரில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை வாசலில் பேப்பர் விரித்துக் கழற்றி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெட்ரோலில் அலசி மாட்டுவோம். ஸ்பார்க்குக்கான பிளாட்டினம் பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்து ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து இடைவெளி பார்ப்போம். இன்று குழாய் சொட்டினால் ஆப், டியூப்லைட் ஸ்டார்ட்டர் போனால் ஆப். கை எதற்கு இருக்கிறது?

பெல்லந்தூர் பையன்
ஸ்டார்ட்டர் போட்ட டியூப்லைட்டை நான் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூடத்தில். இப்போது எல்லாம் எல்இடி, ஐயா.

கார்புரேட்டர் கதையும் அதுதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதிலும் கார்புரேட்டர்தான், சரி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 புகை விதி. பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதை ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. இதில் எதைக் கழற்றி எதை அலசுவது? அப்புறம், பேப்பர் விரிக்க வாசல் எங்கே இருக்கிறது? பேஸ்மெண்டில் வண்டியைக் கழுவினாலே அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் என் ஃப்ளாட் எண் வந்துவிடும். 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமே சொன்னது.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் ஏற்க முடியாது. எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் சின்ன ஸ்கேனரைச் செருகி ஃபோனில் பார்க்கிறேன். பி0301 என்று கோளாறு எண் வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதற்கு ஸ்பார்க் தரும் இக்னிஷன் காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போடுவேன். எண்ணும் பி0302 என்று கூடவே மாறினால் கோளாறு காயிலில்தான்.

உங்கள் காலத்துத் திறமையையும் கொஞ்சம் பேசலாமா? ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பீங்கான் கட்டையில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவைத்தது யார்? ட்யூபை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சியது யார்? பழைய ஆயிலைத் தெருச் சாக்கடையில் கொட்டியது யார்?

சில்க்போர்டு கைதி
ஒரு சட்டத் தகவல் மட்டும். டயரில் காற்று குறைந்தால் சொல்லும் கருவி, ட்யூப்லெஸ் டயர், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் காரில் ஸ்டெப்னியே வேண்டாம் என்று மத்திய அரசு 2020-இல் விதியைத் திருத்திவிட்டது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஓட்டுநர் பக்க டயரை இறங்கி மாற்றிப் பாருங்கள். உதவிக்குக் கூப்பிட்டவன் புத்திசாலி என்பேன்.

பழைய ஃபிட்டர்
செம்புக் கம்பி சுற்றியவன் எந்தக் காலத்திலும் முட்டாள். அவனை என் தலையில் கட்ட வேண்டாம், தம்பி. ஸ்கேனர் வைத்திருக்கிறாய், சந்தோஷம். உன் ஆபீஸில் அப்படி எத்தனை பேர்? நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும், பிறகுதான் ஜாக். இறக்கிய பின் எதிரெதிராக இறுக்க வேண்டும். இதற்கு ஈசியூ வேண்டாம். மாரத்தஹள்ளியில் அந்த வண்டி நின்றது மேம்பாலத்திலும் இல்லை.

ஜீவன்பீமா நகர் அக்கா
ஆண்கள் இருவரும் மூச்சு வாங்கும் நேரத்தில் நான் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் அப்பாவும் எச்ஏஎல்தான். அவர் காரைத் திறந்தால் அண்ணன் டார்ச் பிடிப்பான், நான் டீ கொண்டுபோவேன். "வெளிச்சத்தை நேராகக் காட்டுடா" என்று திட்டு வாங்கியதுதான் அண்ணனுக்கு மிச்சம். ஸ்பேனர் அவன் கைக்கு வரவே இல்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் டார்ச்சும் போச்சு, "நீ போய்ப் படி". அந்தத் தலைமுறை கற்றுக்கொண்டது உண்மை. கற்றுக்கொடுத்ததா என்று கேளுங்கள்.

நான் கற்றது கெய்சரில். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். வெந்நீர் வர நேரமாகிறதே என்று ஆள் கூப்பிட்டால் "புதுசு வாங்கிடுங்க மேடம்" என்றார். வாரண்டி முடிந்த கெய்சர்தானே என்று நானே இறங்கினேன். எம்சிபியை அணைத்து, டெஸ்டரில் பார்த்து, தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடி, தண்ணீரை வடித்துவிட்டுத் திறந்தால் ஹீட்டிங் காயில் முழுக்கச் சுண்ணாம்பு. சுரண்டி எடுத்தேன். பக்கத்தில் ஆனோட் ராட் என்று ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னையே அரிக்கக் கொடுக்கும். எங்கள் வீட்டில் மெக்னீசியம் கரைந்து, நடுவில் இருந்த மெல்லிய கம்பிதான் மிச்சம். அதை மாற்ற வேண்டும் என்று எந்த வயதுக்காரரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்படியே இன்னொன்று: ஷாக் அடித்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் உங்கள் வீட்டில் இருந்தால், அதில் டி என்று ஒரு பட்டன் இருக்கிறதே, கடைசியாக எப்போது அமுக்கினீர்கள்? அமுக்கினால் மின்சாரம் போக வேண்டும். போகவில்லை என்றால் ஷாக் அடிக்கும்போதும் அது போகாது. ஐயாவையும் கேட்கிறேன், தம்பியையும் கேட்கிறேன்.

பெல்லந்தூர் பையன்
அக்கா, நான் இருப்பது வாடகை வீடு. கெய்சரைத் திறந்து ஏதாவது ஆனால் ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். எங்களில் நிறையப் பேர் ஆப்பைத் தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம், சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. பட்டனை இப்போதுதான் அமுக்கினேன். வைஃபை போய்விட்டது, ஆக வேலை செய்கிறது.

பழைய ஃபிட்டர்
"போய்ப் படி" என்று சொன்னது குற்றமா, அம்மா? மூன்று ஷிஃப்டும் பார்த்தவன் நான். என் பிள்ளைக்கு நகத்தில் கிரீஸ் ஒட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்காத அப்பன் எங்கள் காலனியில் இல்லை.

ஜீவன்பீமா நகர் அக்கா
குற்றம் என்று சொல்லவில்லை, ஐயா. ஒட்ட வேண்டாம் என்று வளர்த்துவிட்டு, ஒட்டவில்லையே என்று இங்கே வந்து திட்டுவதைத்தான் சொல்கிறேன்.

சில்க்போர்டு கைதி
எங்கள் ஓனர் நல்லவர், திறக்கச் சொல்லிவிட்டார். அந்த ஆனோட் ராட் எங்கே கிடைக்கும்?

பழைய ஃபிட்டர்
நீளமும் மரையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதைக் கழற்றிக் கையோடு எஸ்.பி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்குக் கொண்டுபோ.

சில்க்போர்டு கைதி
ஆன்லைனில் போட்டுக்கொள்கிறேன், ஐயா. மரையை மட்டும் எப்படி அளப்பது என்று சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டர்
வெர்னியர் இருக்கிறதா வீட்டில்?