புராட்டஸ்டன்ட் நாடுகள் காலனிகளில் மதம் பரப்ப இவ்வளவு தாமதித்தது ஏன்?

ஏடுதேடி: கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சேவியர் 1542-லேயே கோவாவுக்கு வந்துவிட்டார். ஆங்கிலேயக் கம்பெனி 1600-லும் டச்சுக் கம்பெனி 1602-லும் தொடங்கின. ஆனால் இந்தியாவுக்கு முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் வந்தது 1706-ல்தான், அதுவும் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு. கம்பெனிகளின் லாபக் கணக்கு மட்டும்தான் காரணமா?

பழங்கணக்கு: லாபக் கணக்கு இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், அனுப்ப ஆள் இல்லை. கத்தோலிக்கத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் பிரான்சிஸ்கன், டொமினிக்கன், இயேசு சபைத் துறவிகள். மனைவி மக்கள் கிடையாது, அனுப்பிய இடத்துக்குப் போவார்கள். புராட்டஸ்டன்ட் சபைகள் பிறந்த 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் அந்த மடங்களைத்தான் மூடியது. ஸ்வீடனில் 1527 வெஸ்தெரோஸ் நகரில் கூடிய மன்றம் சபைச் சொத்தை அரசர் கைக்கு மாற்றியது. இங்கிலாந்தில் 1536–40-க்குள் மடங்கள் ஒழிந்தன.

அதோடு 1555 ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை ஜெர்மன் நாடுகளில் ‘மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி’ என்பதையே சட்டமாக்கியது. (புராட்டஸ்டன்ட்டில் லூத்தரன் பிரிவு, கத்தோலிக்கம் இரண்டுக்கு மட்டும், இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வின் வழியினருக்கு 1648-ல்தான் இடம் கிடைத்தது.) போதகர் அரசின் ஊழியர் ஆனார். எல்லைக்கு அப்பால் போதிப்பது யார் பொறுப்பு என்பதற்குப் பதிலே இல்லை.

வடகடல்: டச்சுக்காரர்களை விட்டுவிட்டீர்களே. 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து, ஊர்தோறும் கோவிலும் பள்ளியும் வைத்தார்கள். அரசு வேலைக்கு ஞானஸ்நானம் வேண்டும். திருமணப் பதிவும் தேவாலய ஏட்டில்தான். விளைவு? ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏராளம், இராப்போஜனத்தில் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) பங்கெடுத்தவர்கள் சொற்பம். போதகர்கள் கம்பெனிச் சம்பளக்காரர்கள், தமிழ் தெரிந்தவர்கள் அரிது. 1796-ல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் போனதும் சபை கரைந்தது. தடைக்குள்ளேயே 1687-ல் மாறுவேடத்தில் வந்த கோவா குருவானவர் ஜோசப் வாஸ் வளர்த்த கத்தோலிக்கமோ நிலைத்தது.

அச்சுக்கோர்ப்பு: தரங்கம்பாடியில் வழி வேறு. 1706-ல் வந்த மிஷனரிகளை டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பினார். ஆள் கொடுத்தது ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கம் (லூத்தரன் சபைக்குள் எழுந்த ‘பயட்டிசம்’). அதனால் அவர்களில் ஒருவரான சீகன்பால்க் டேனிஷ் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவரல்ல. கோட்டைத் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் வைத்ததற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம். அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்தும் தமிழ் எழுத்துகள் ஹாலேயிலிருந்தும் வந்தன. எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் மளமளவென்று தீர்ந்தது. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715-ல் முடிந்தது. 1733-ல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்றார்.

ஆங்கிலேயக் கம்பெனி 1813 சாசனம் வரை மிஷனரிகளைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1800-ல் வங்காளத்தின் செராம்பூரில் தங்கியதும் அது டேனிஷ் ஊர் என்பதால்தான்.

ஏடுதேடி: அப்படியானால் வட அமெரிக்கா?

பழங்கணக்கு: அங்கே பரவியது பெரும்பாலும் குடியேற்றத்தால். 1620-ல் பிளிமத், 1630-ல் மாசசூசெட்ஸ் என்று சபைகளே கப்பலேறிப் போயின. பூர்வகுடிகளின் மொழியில் ஜான் எலியட் 1663-ல் முழு பைபிளை அச்சிட்டது விதிவிலக்கு. புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் ஆணையை 1685-ல் பிரான்ஸ் ரத்துசெய்த பின் ஹியூகனாட்டுகள் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்டுகள்) தென்னாப்பிரிக்காவின் கேப் வரை சிதறியதும் அதே வகைதான்.