திசைவேக ஒத்துரு: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

பொறி உறுப்புகளின் திசைவேகங்களைத் திசையன்களால் கண்டறியும் முறைக்குரிய சொற்களில் பெரும்பாலானவை படிந்துவிட்டன. ‘சார்புத் திசைவேகம்’, ‘திசைவேகப் பல்கோணம்’ (திசைவேகங்களை அளவுக்கேற்ற கோடுகளாக வரைந்து பெறும் படம்) ஆகியவற்றை இனி எவரும் மறுக்கப் போவதில்லை. இழுபறியெல்லாம் ‘வெலாசிட்டி இமேஜ்’ என்பதில்தான், அதாவது அப்பல்கோணத்தில் ஓர் உறுப்பைக் குறிக்கும் உருவத்தில்தான். இதற்குத் தமிழ்ச் சொல்லாக நண்பர்கள் முன்மொழிந்துள்ள ‘பிம்பம்’, ‘நிழல்’, ‘செங்குத்துப் படம்’ ஆகிய மூன்றையும் ஏற்கத் தயங்குகிறேன்.

பெங்களூரு பீன்யாவில் தொழிற்பயிற்சிக்கு வரும் தமிழ் இளைஞர்களுக்கு நான் வரைந்து காட்டும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கிராங்க் (சுழலும் கை) 50 மில்லிமீட்டர், கனெக்டிங் ராடு (கிராங்கையும் பிஸ்டனையும் இணைக்கும் தண்டு) 200 மில்லிமீட்டர், சுழற்சி நிமிடத்துக்கு 1500. கோணத் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 157 ரேடியன் என்பதால் கிராங்க் முனையின் திசைவேகம் நொடிக்கு 7.85 மீட்டர். துருவப் புள்ளியிலிருந்து (திசைவேகம் சுழியைக் குறிக்கும் தொடக்கப் புள்ளி) கிராங்குக்குச் செங்குத்தாக இந்த அளவுக்கு ஒரு கோடும், அதன் நுனியிலிருந்து ராடுக்குச் செங்குத்தாக இன்னொன்றும், துருவத்திலிருந்து பிஸ்டன் ஓடும் திசைக்கு இணையாக மூன்றாவதும் வரைந்தால், பின்னிரண்டும் வெட்டுமிடத்தில் பிஸ்டனின் திசைவேகம் கிடைத்துவிடும். இரண்டாவது கோட்டுத் துண்டே ராடின் ‘இமேஜ்’. ராடின் நடுப்புள்ளியின் திசைவேகம் வேண்டுமானால், அத்துண்டின் நடுப்புள்ளியைத் துருவத்தோடு இணைத்தால் போதும். முக்கோண உறுப்பாயின், படத்திலும் வடிவொத்த முக்கோணம் ஒன்று, உறுப்பு சுழலும் பக்கமாகவே 90 பாகை திரும்பி நிற்கும். பக்கங்களின் விகிதம் அவ்வுறுப்பின் கோணத் திசைவேகத்தைத் தரும்.

பிம்பம் என்றதும் மாணவர் மனத்தில் வருவது முகம் பார்க்கும் கண்ணாடி. அது இடவலத்தை மாற்றும். திசைவேகப் படமோ முக்கோணத்தின் முனைகளை எந்தச் சுற்றுவரிசையில் எண்ணினோமோ அதே வரிசையில் வைத்திருக்கும். நிழல் இன்னும் மோசம். வெயில் சாய்ந்தால் விகிதம் கெட்டுவிடும். ‘செங்குத்துப் படம்’ என்று சொன்ன நண்பர் பொருளை நன்கு உணர்ந்தே சொல்லியிருக்கிறார். ஆனால் அடுத்த பாடத்திலேயே அது இடறும்: முடுக்கத்துக்கும் இத்தகைய படம் உண்டு, அது வடிவொத்ததுதான் என்றாலும், திரும்பும் கோணம் கோண முடுக்கத்தையும் கோணத் திசைவேகத்தையும் பொறுத்து மாறும், பொதுவாக 90 பாகையாக இராது.

இரண்டிலும் மாறாதது வடிவொப்புமை மட்டுமே. பள்ளிக் கணக்கில் ‘வடிவொத்த முக்கோணங்கள்’ என்று படித்தவர்களுக்கு ‘ஒத்துரு’ உடனே விளங்கும். திசைவேக ஒத்துரு, முடுக்க ஒத்துரு என இரண்டையும் ஒரே அச்சில் வார்க்கலாம். திசைவேகத்தை ‘வேகம்’ என்றே வழங்கும் இலங்கை நண்பர்கள் ‘வேக ஒத்துரு’ என்று எழுதினாலும் பொருள் கெடாது.

ஓர் ஆட்சேபம் வரக்கூடும். கிராங்க், பிஸ்டன் ஓடும் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் கணத்தில் பிஸ்டனும் அதே 7.85 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, ராடு சுழல்வதில்லை, அதன் படம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. புள்ளியை உரு என்னலாமா? விகிதம் சுழியான ஒத்துரு என்று கொள்வதில் எனக்குத் தடையில்லை, கணிதக்காரர்கள்தான் முகம் சுளிப்பார்கள்.

வேறு எதிர்ப்பு இல்லையேல், அருஞ்சொல் பட்டியலில் இவ்வாறு சேர்க்கக் கோருகிறேன்: ‘திசைவேக ஒத்துரு: திசைவேகப் பல்கோணத்தில் ஓர் உறுப்பைக் குறிக்கும், அவ்வுறுப்புக்கு வடிவொத்த உருவம்.’