மறு: முகத்தில் வைக்கும் அந்தப் புள்ளிகளுக்குப் பெயர்

காக்கா (அண்ணன்), நாம் தமிழாக்கும் படம் திருத்தும் நிரல், கண்ணோரம், மூக்கு நுனி என்று முகத்தில் வைக்கும் புள்ளிகளுக்கு (ஆங்கிலத்தில் லேண்ட்மார்க்) நீங்கள் சொன்ன 'நிலக்குறி'யை நான் சும்மா ஒதுக்கவில்லை. லேண்ட்மார்க் என்பதற்கு நேரான சொல், கடலோரக் கீழக்கரையில் இருந்துகொண்டு நீங்கள் அதைச் சொன்னதும் சரிதான். ஆனால் கடலில் நடப்பது வேறு. ராமேஸ்வரம் டி.வி. கோபுரம் எங்கே நிற்கிறது என்று படகில் இருப்பவருக்கு முன்பே தெரியும், அதை வைத்துத் தன் படகு எங்கே என்று கணிக்கிறார். முகத்தில் அது தலைகீழ். கண்ணோரமும் மூக்கு நுனியும் படத்தில் எங்கே என்பதுதான் தெரியாது, அதைத் தேடத்தான் நிரலே ஓடுகிறது.

அக்கா சொன்ன 'முகப்புள்ளி' கேட்க நன்றாக இருக்கிறது, முகப்பு + உள்ளி என்று பிரித்துக் கேலி செய்கிறவர்களை விட்டுவிடலாம். சிக்கல் வேறு இடத்தில். ராமநாதபுரத்தில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரரிடம் 'முகப்புள்ளி' என்றால் பருவையும் கரும்புள்ளியையும் அழிக்கும் கருவி என்றுதான் நினைப்பார், அதுவும் அதே மெனுவில் இரண்டு வரி தள்ளி இருக்கிறது. 'முகக்குறி' என்றால் சிரிப்பா கோபமா என்று போகும். 'அடையாளப் புள்ளி' என்றால் ஆள் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையோடு குழம்பும்.

என் கவலை இதுதான்: முகத்தைக் கண்டுபிடிப்பதும் அதில் புள்ளிகளை வைப்பதும் இரண்டு வேலை, இப்போதைய மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் 'முகம் கண்டறிதல்' என்றே போட்டிருக்கிறோம். நிரல் மெதுவாக ஓடினால் எந்த அமைப்பைத் தொடுவது என்று பயனருக்கு எப்படித் தெரியும்?

இந்த இரண்டு வேலையையும் செய்யும் டி-லிப் (dlib) நிரலகத்தை, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தத் தொகுப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புள்ளி வைக்கும் முறை காசெமி, சல்லிவன் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டது, ஒரு முகத்துக்கு ஒரு மில்லி நொடி என்று கட்டுரைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்டார்கள். முதலில் ஒரு சராசரி முக வடிவத்தை அப்படியே வைத்துவிடும். அப்புறம் முடிவு மரங்கள் (கேள்விக்குக் கேள்வி கிளை பிரிந்து விடைக்குப் போகும் கணக்குமுறை) பிக்சல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, எது வெளுப்பு எது கறுப்பு என்று பார்த்து, 68 புள்ளிகளையும் சுற்றுச் சுற்றாக நகர்த்தும். தாடை ஓரம் 17, புருவம் 10, மூக்கு 9, கண்கள் 12, வாய் 20. இதில் நேரம் பெரிதாகப் போவதில்லை. முகம் இருக்கிறதா என்று படம் முழுக்கச் சல்லடை போடும் முதல் வேலைதான் நேரத்தைத் தின்கிறது. அதனால் படத்தின் நீள அகலத்தைப் பாதியாக்கி முகம் தேடினால் பிக்சல் கால்வாசி ஆகிவிடும். முகத்தைச் சுற்றிக் கிடைத்த கட்டத்தின் அளவுகளை இரண்டால் பெருக்கி, புள்ளிகளை மூலப் படத்திலேயே வைத்துக்கொள்ளலாம். வீடியோ என்றால் சில சட்டகத்துக்கு (ஃபிரேம்) ஒருமுறை முகம் தேடினால் போதும். தலைச் சாய்வை நிமிர்த்துவது மட்டும்தான் வேலை என்றால் 68-க்குப் பதில் 5 புள்ளி மட்டும் வைக்கும் மாடலே தாராளம்.

ஒரு எச்சரிக்கை, இதை உதவிக் குறிப்பிலும் போட வேண்டும். டி-லிப்பில் முகம் தேடும் பகுதி சுமார் 80 × 80 பிக்சல் அளவு முகங்களுக்குப் பழக்கியது. படத்தைப் பாதியாக்கினால் மூலத்தில் 160 பிக்சலுக்குக் கீழே உள்ள முகம் தப்பிவிடும். மேடையில் சொந்தபந்தம் எல்லாம் நிற்கும் படத்தில் பின்வரிசை மொத்தமாகப் போய்விடும். அங்கே வேகம் பார்க்கக்கூடாது.

ஆகவே என் முன்மொழிவு: முதல் வேலைக்கு 'முகங்காணல்', இரண்டாவதற்குப் 'புள்ளி பொருத்தல்', புள்ளிக்குப் 'பொருத்துபுள்ளி'. கண்டறிதல் என்ற சொல்லையே இரண்டாவதிலிருந்து எடுத்துவிடலாம், அங்கே நடப்பது பொருத்துவதுதானே. இரண்டு படங்களை ஒட்டிப் பரந்த காட்சி ஆக்கும் கருவியிலும் இதே சொல் ஒத்துப்போகும், அங்கே நடப்பது வேறு வகைப் பொருத்தல் என்றாலும். வினைத்தொகை என்பதால் நடுவில் ப் போடவில்லை, அக்கா திருத்துவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 'பொருந்துபுள்ளி' என்று தன்வினையில் வைக்கலாமா என்பதில் மட்டும் எனக்கு இழுபறி, உங்கள் பக்கம் எது காதுக்கு ஒட்டுகிறது?