மக்காச்சோளத் தட்டையை எரிக்காமல் என்ன செய்யலாம்? சேலம் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம்ங்க. ஆத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் மக்காச்சோளத் தட்டைக்குத் தீ வைத்துவிடுகிறார்கள், பனி இறங்கும் நேரத்தில் புகை மேலே எழும்பாமல் தெருவிலேயே படுத்துக்கொள்கிறது, கொடியில் காயும் வேட்டி முழுக்கக் கரித்தூள், அம்மாவுக்கு வீசிங் வேறு. புகையில் இருக்கும் 2.5 மைக்ரானுக்கும் சின்னத் துகள்கள் நுரையீரலின் அடிவரை போய்விடும், முகத்தில் துண்டு கட்டினால் நிற்காது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனைக் குறை சொல்லவும் மனசில்லை, ஆள் வைத்து அள்ளினால் கூலி கட்டுபடியாகாது.

புகை மட்டுமில்லை, மேலாக வீசும் யூரியாவிலிருந்தும் கோழி எருவிலிருந்தும் கிளம்பும் அம்மோனியா, வண்டிப் புகை, ஆலைப் புகையோடு சேர்ந்து அதே மாதிரி நுண்துகளாக மாறும். சொன்னால் டீக்கடையில் சிரிக்கிறார்கள்.

சரி, கேட்க வந்தது இதுதான். தட்டையைத் தூளாக்கி மண்ணிலேயே விடும் மெஷின் தலைவாசல், கெங்கவல்லி பக்கம் வாடகைக்குக் கிடைக்குமா, மணிக்கு என்ன கேட்கிறார்கள்? வேளாண் பொறியியல் துறையில் எடுத்தவர்கள் இருந்தால் எப்படிப் பதிவது என்று சொல்லுங்கள். அப்புறம், மாட்டுத் தீவனத்துக்குத் தட்டை வேண்டுமென்றால் வண்டியோடு வாருங்கள், அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.