வெள்ளத்துக்கு ஆமி, நேவிப் படகு: யாரைக் கேட்கவேணும்?

வயல்கரை:
எங்கட கிராம அபிவிருத்திச் சங்கம் மாரிக்கு முன்னம் ஒரு ஒழுங்கு செய்து வைக்கப் பாக்குது. யாழ்ப்பாண மாவட்டத்து வடமராட்சி, வயலோட ஒட்டின குடியிருப்பு, எண்பது வீடு மட்டில். வெள்ளம் ஏறினால் கிட்ட இருக்கிற ஆமிக் காம்புக்கு (முகாமுக்கு) நேர போய்க் கேக்கலாமோ, இல்லை ஜீஎஸ் (கிராம அலுவலர்) ஊடாகத்தான் போகவேணுமோ? வாற ஆமிக்காரர் யாரின்ர சொல்லுக்கு வேலை செய்வினம்?

கச்சேரியடி:
தம்பி, ஜீஎஸ் ஊடாகப் போங்கோ. அவர் பிரதேச செயலாளருக்கு, அங்கயிருந்து மாவட்டச் செயலகத்தில இருக்கிற அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கு, அவையள் பலாலிப் படைத் தலைமையகத்துக்கு, கடலெண்டால் காங்கேசன்துறைக் கடற்படைக்கு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையம்தான் நடுவில நிண்டு இணைக்குது. உயிராபத்தெண்டால் ஒருத்தரையும் பாத்துக்கொண்டிருக்காமல் அந்த நிலையத்தின்ர 117க்கு அடியுங்கோ.

காம்புக்கு நேர சொன்னாலும் வருவினம். ஆனால் அதே நிமிசம் ஜீஎஸ்ஸுக்கும் சொல்லவேணும். மாவட்டத்தில 435 கிராம அலுவலர் பிரிவு, படகு கொஞ்சம். பதிவில்லாமல் கூப்பிட்டால் ஒரு வீட்டுக்கு இரண்டு படகு போகும், அடுத்த ஒழுங்கையில கிழவி கூரையைப் பாத்தபடி இருப்பா.

யாரின்ர சொல்லுக்கெண்டு கேட்டீங்கள். என்ன செய்யவேணும் எண்டதைப் பிரதேச செயலாளர் சொல்லுவார். எப்பிடிச் செய்யிறதெண்டதை அவையின்ர அதிகாரிதான் தீர்மானிப்பார். சிப்பாய்க்கு நாங்கள் நேர கட்டளை போடேலாது. நிவாரணப் பட்டியல் எப்பவும் ஜீஎஸ்ஸின்ர கையில. ஆமி சாமான் ஏத்தி இறக்கும், ஆருக்கு எவ்வளவெண்டு முடிவெடுக்கிறது அவையின்ர வேலையில்லை. இதில சங்கம் விட்டுக்குடுக்கக் கூடாது.

மரக்கோல்:
படகு வந்தும் வேலை நடக்காமல் போறதுக்குப் பெரிய காரணம் தகவல் பிழைதான். "எங்கட ஊரில வெள்ளம், ஓடி வாங்கோ" எண்டால் ஒண்டும் விளங்காது. இப்பிடிச் சொல்லுங்கோ: ஜே இலக்கம் (உங்கட கிராம அலுவலர் பிரிவின்ர இலக்கம்), கோயிலோ வாசிகசாலையோ ஒரு அடையாளம், எத்தினை பேர், அதில படுக்கையில இருக்கிறவை, கர்ப்பிணி, கைக்குழந்தை எத்தினை, தண்ணி முழங்காலோ இடுப்போ நெஞ்சோ, ஓடுதோ தேங்கி நிக்குதோ.

முழங்காலளவெண்டால் படகு கேக்காதேங்கோ. உழவு இயந்திரமும் இழுவைப் பெட்டியும் காணும், ஆமி ட்ரக் இன்னும் வசதி. இடுப்புக்கு மேலதான் படகு. அதுவும் எங்கட ஒழுங்கைகளில எஞ்சினைப் போட்டு ஓட்டேலாது. தண்ணிக்குள்ள முள்ளுக்கம்பி வேலி தெரியாது, விசிறி சிக்கினால் அரை நாள் போச்சு. எஞ்சினைத் தூக்கிவிட்டு மரக்கோலால ஊண்டிப் போகவேணும். வேலி, கிணறு எங்க இருக்கெண்டு தெரிஞ்ச ஊர்ப் பொடியன் ஒராள் முன் அணியத்தில இருக்கவேணும். சுத்திவரக் கட்டு இல்லாத கிணறு வெள்ளத்துக்க சமதரையாய்த்தான் தெரியும். இப்பவே கிணத்தின்ர நாலு மூலைக்கும் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டி வையுங்கோ.

வயல்கரை:
நன்றி அண்ணை. பொம்பிளையள் தனிய இருக்கிற வீடுகள் பத்து மட்டில இருக்கு. ஆமி வீட்டுக்க வாறதை அவை விரும்பேல்லை.

கச்சேரியடி:
அது நியாயமான விசயம், முதலே ஜீஎஸ்ஸிட்டச் சொல்லி எழுத்தில வையுங்கோ. படகில சங்கத்துப் பொம்பிளை ஒராள் போகட்டும், அவவே வாசலில கூப்பிடட்டும், படையினர் படகிலயே நிக்கட்டும். சிங்களம் தெரிஞ்ச ஒராளும் வேணும். இல்லாட்டி "இன்சுலின்" எண்ட ஒரு சொல்லை விளங்கப்படுத்தவே கஷ்டப்படுவியள்.

மரக்கோல்:
இன்னும் இரண்டு. வடமராட்சி கிழக்கு நாகர்கோவில், முகமாலைப் பக்கம் வெள்ளம் வடிஞ்சாப் பிறகு பழைய வெடிபொருள் இடம் மாறிக் கிடக்கலாம். தொடாமல், தடி போட்டு மறிச்சு, பொலிசுக்குச் சொல்லுங்கோ. மற்றது கிணறு. பெரிய பம்பைக் கொண்டுவந்து ஒரேயடியாய் இறைச்சுத் தாறமெண்டால் கரையோரக் கிணத்துக்கு ஓமெண்டாதேங்கோ. சுண்ணாம்புக்கல்லுக்கால உப்புத்தண்ணி ஏறிவிடும். மெல்ல இறைச்சு, பிஎச்ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூப்பிட்டுக் குளோரின் போடுவியுங்கோ.